சுமந்தவருக்கு உரியது



இந்த மாதம் என் ஊழியத்தில் நான் செய்த ஒரு தவறை உங்களுக்கு எழுதுகிறேன்.

2011-ஆம் ஆண்டு மழைக்காலம். தாராவியில் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு சகோதரன், பிவண்டியிலுள்ள ஒரு கிடங்கில் சுமை தூக்கி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அன்று இரண்டு ஆட்கள் வேலைக்கு வராததால், அவர்கள் இறக்கவேண்டிய டைல்ஸ் பெட்டிகளையும் இவரே லாரியிலிருந்து இறக்கினார். மாலையில் ஒரு பெட்டியோடு நிமிர்ந்தபோது இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்தார். அவர் விழவுமில்லை, இரத்தம் சிந்தவுமில்லை. ஆனாலும் இடது கால் மரத்துப்போயிற்று. முதுகெலும்பின் வட்டு விலகி நரம்பை நெருக்குகிறதென்று பின்னர் மருத்துவர் கூறினார்.

ஒப்பந்தக்காரர் 2,000 ரூபாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவரும் நம் ஊர்க்காரர். வேறொரு சபையின் விசுவாசி. சகோதரனின் மனைவி என்னிடம் வந்து, "ஐயா, வக்கீலைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். கொரிந்து சபையில் சகோதரனுக்கு விரோதமாய்ச் சகோதரன் வழக்காடினதைப் பவுல் கடிந்துகொண்டதை எடுத்துக்காட்டி, "மன்னித்துவிடுங்கள் அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன். எண்ணெய் பூசி ஜெபித்தேன். சபையிலிருந்து அரிசியும் கொடுத்தோம்.

என் ஆலோசனைக்கு அவர்கள் கீழ்ப்படிந்தார்கள். அதுதான் இன்றும் என் மனதைக் குத்துகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த அம்மாள் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாட்களில், நானே அவரை ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றேன். விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றார் அவர். தக்க காரணமிருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டாம். ஆனால் மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. அதில் "இடுப்பு வலி" என்று மட்டுமே எழுதியிருந்தது. வேலையிடத்தில் பாரம் தூக்கியபோது ஏற்பட்டது என்ற ஒரு வரி இல்லை. உடன் வந்த ஒப்பந்தக்காரரின் ஆள், "வலி என்று மட்டும் சொல்" என்று சொல்லியிருந்தானாம். கண்ணால் கண்டவர்களும் வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வழக்கு நிற்கவில்லை.

அதற்குப் பிறகே நான் படிக்கத் தொடங்கினேன். (வேதாகமக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்றேன்; என் சபையாரில் பாதிப்பேருக்குத் தேவையான இந்தச் சட்டத்தை அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை.) தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நம் தேசத்தில் 1923-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. உயரத்திலிருந்து விழுவதும் இயந்திரத்தில் கை சிக்குவதும் மாத்திரமே விபத்து என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. பாரம் தூக்கும்போது திடீரென உடல் முறிவதும் விபத்தாகவே கருதப்படும். 1953-ஆம் ஆண்டிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம், துறைமுகக் காவலாளி ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், முன்னரே இருதய நோய் இருந்தாலும், பணியின் சிரமம் அந்த மரணத்தை விரைவுபடுத்தியிருந்தால் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது.

மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய இயலாமற்போனால் இந்த உரிமை பிறக்கிறது. தற்காலிக இயலாமைக்கு, பதினைந்து நாளுக்கொருமுறை மாதக் கூலியில் 25 சதவீதம் கொடுக்கவேண்டும். 6,000 ரூபாய் கூலிக்காரருக்கு அது 1,500 ரூபாய். நிரந்தரமாக உழைப்புத்திறன் குறைந்தால் மருத்துவரின் மதிப்பீட்டின்படி மொத்தத் தொகை. ஒப்பந்தக்காரரின் ஆளானாலும் முதலாளியிடமும் கேட்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் கைநாட்டு செல்லாது. இ.எஸ்.ஐ.யில் பதிவுபெற்றவர்களோ அங்கேதான் கேட்கவேண்டும். அங்கே தற்காலிக இயலாமைக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது. இரண்டு ஆண்டுக் கெடு அதிலும் உண்டு.

மோசேயின் பிரமாணத்தை மறுபடியும் வாசித்தேன். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில், ஒருவனை அடித்துப் படுக்கையில் தள்ளினவன், அவன் வேலைசெய்யாமலிருந்த நாட்களின் நஷ்டத்தைக் கொடுத்து, அவனை நன்றாய்க் குணமாக்குவிக்கவும் வேண்டும் என்றிருக்கிறது. அது சண்டையைக் குறித்த பிரமாணம் என்பது எனக்குத் தெரியும். ஆயினும், மன்னிப்பு வேறு, நஷ்டத்தை ஈடுசெய்வது வேறு என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்த ஒப்பந்தக்காரரைச் சந்தித்து அவருடைய கடனை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், படுத்திருந்தவரிடம் மன்னிக்கும்படி கேட்டேன்.

இப்பொழுது வீடுகளைச் சந்திக்கப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோகிறேன். ஜெபித்தபின் கேட்கிறேன்: எந்த நாள், எத்தனை மணி, என்ன பாரம், யார் பார்த்தார்கள், மருத்துவரிடம் என்ன சொன்னீர்கள்?

சென்ற ஆண்டு, கட்டட வேலையில் மணல் கூடை தூக்கிய ஒரு சகோதரிக்குத் தோள் இறங்கிவிட்டது. மறுநாள் காலையிலேயே அந்தச் சகோதரன் ஊன்றுகோலோடு அவளுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போனார். சீட்டில் மருத்துவர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே அவ்விடம் விட்டு எழுந்தாராம்.