தொட்டியடிக்குச் சுரைக்காய்

ஜூன் 3, செவ்வாய்

கொளத்தூரில் வாங்கிய பிரிசில்நோஸ் மீன் ஜோடி தொட்டியில் மரக்கட்டையின் அடியை விட்டு நகரவில்லை. ஆணுக்கு மூக்கைச் சுற்றிக் கிளைவிட்ட சதை இழைகள். பெண்ணுக்கு ஓரத்தில் லேசாகத்தான். கடைக்காரர் எப்போதும்போல், “பாசிய எல்லாம் தின்னுடும் சார், தனியா ஒண்ணும் போட வேணாம்” என்றார். ஒட்டுவாய் மீன் எதை வாங்கினாலும் இந்த வசனம் இலவசம். வேலைக்காரன் என்று சொல்லி விற்கிறார்கள். அவனுக்குச் சாப்பாடு வேண்டாமா? கண்ணாடியில் படியும் பாசி ஒரு வாரத்துக்குக்கூட வராது.

ஜூன் 4, புதன்

சாம்பாருக்கு வந்த சுரைக்காயில் ஒரு துண்டு கேட்டேன். “மனுஷனுக்குப் போக மிச்சம்தான் மீனுக்கு” என்றாள் அம்மா, நறுக்கிக்கொண்டே. முதலில் ஒரு நறுக்கு வாயில் போட்டுப் பார்த்தேன். சுரைக்காய் கசந்தால் அதில் குக்கர்பிட்டசின் ஏறியிருக்கிறது; அது மனிதனுக்கே ஆகாது. இது கசக்கவில்லை. தோல் சீவி, அரை விரல் கனத்தில் வில்லை போட்டு, உப்பில்லாத கொதிநீரில் இரண்டு நிமிடம். பச்சையாகப் போட்டால் மிதக்கும். வெந்தால் சதை இளகி, அடங்கிக் கீழே போகும். ஆறவைத்து, எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி, விளக்கணைத்த பிறகு இறக்கினேன். இவை இரவில் மேய்கிற ஜாதி.

ஜூன் 5, வியாழன்

காலையில் வில்லையின் நடுச்சதையைக் காணோம். விதையும் விளிம்பு வளையமும் மட்டும் கரண்டியில் தொங்கின. பெண் மீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்ததால் வாயை அடியிலிருந்தே பார்க்க முடிந்தது. வட்டமான உதடு பிடித்துக்கொள்ள, உள்ளே மேலும் கீழும் பொடிப் பற்கள் வரிசையாக விரிந்து சுருங்கின. கடிப்பதே இல்லை, தேங்காய் துருவுகிற மாதிரி சுரண்டல்தான். மணலெங்கும் பச்சை நூலாகக் கழிவு. மிச்சத்தை உடனே எடுத்துவிட்டேன். ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் அழுகி அம்மோனியா ஏறும். மேலே நீந்தும் டெட்ராக்களுக்கும் அது ஆகாது.

ஜூன் 7, சனி

அக்கா பையன் வந்திருந்தான். “மாமா, கோரிடோரஸும் சாப்பிடுதே!” அந்தச் சிறு கெளுத்திகள் கூட்டமாக வில்லையைச் சுற்றி மீசையால் துழாவியது உண்மைதான். ஆனால் அவை தேடியது காயில் ஒட்டிய பொடிகளை. கோரிடோரஸுக்குப் புழு, சிற்றுயிர், அடியில் விழும் குருணைத் தீனி வேண்டும். தரையில் வாழ்வதெல்லாம் சைவம் இல்லை. காயை மட்டும் போட்டால் நாளாக நாளாக வயிறு ஒட்டிப்போகும். பையனுக்கு இதில் சின்ன ஏமாற்றம்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பிரிசில்நோஸ் ஜோடிக்குப் பரங்கிக்காய். சுரைக்காயைவிட வேகமாகப் போனது. வெள்ளரிக்கும் ஓடி வருகிறார்கள். ஆனால் அது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தண்ணீர், நொறுக்குத்தீனிக் கணக்கில்தான் சேரும். பட்டாணியைத் தோல் உரித்துக் கொடுக்க வேண்டும். கீரை வெந்ததும் தொட்டி முழுக்கப் பிய்ந்து மிதக்கிறது; அதை வடிகட்டியிலிருந்து எடுப்பதற்கு நான் சம்பளம் வாங்கவில்லை. மரக்கட்டையை மட்டும் எப்போதும் விட்டுவைக்கிறேன், அதையும் சுரண்டுவார்கள்.

ஜூன் 11, புதன்

எதிர்வீட்டு மாமி வந்தார். விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் என்ற ஒட்டுவாய் மீன் ஒரு அடியைத் தாண்டிவிட்டதாம். “ஏரியில விட்டுடலாமா?” வேண்டவே வேண்டாம் என்றேன். இது தென்னமெரிக்க மீன். இப்படி விட்டவை நம் ஊர் நீர்நிலைகளிலேயே பெருகி, கரையில் வளை தோண்டுகின்றன, முள்ளால் வலையைக் கிழிக்கின்றன. பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரையாவது பார்த்துக் கொடுக்கலாம், நானும் விசாரிக்கிறேன். இதுவரை என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லையே, அதுவே அழுக்கத் தின்னுக்கும்னு கடையில சொன்னாங்க.”

வீட்டிலிருந்த பாதிச் சுரைக்காயை அம்மா எடுத்துக் கொடுத்தாள். அந்த உருப்படிக்கு அது இரண்டு ராத்திரி தாங்கினால் அதிகம்.