எளிமை யார் கணக்கில்

எளிமை என்ற சொல்லை நம் விமர்சனத்தில் அளவுக்கு மீறிப் புழங்கிவிட்டோம். பாராட்டவும் அதுதான், மட்டம் தட்டவும் அதுதான். புதுக்கவிதை புரியவில்லை என்று ஒதுக்கியவர்கள் அதில் எளிமை இல்லை என்றார்கள். யாப்பைக் கழற்றிப் போட்டதே எளிமைதான் என்று இந்தப் பக்கத்தில் சிலர் பதில் சொன்னார்கள். இரு தரப்பும் எளிமையைப் பொருளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் குணமாக, கல்லின் நிறம் மாதிரி, எடுத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த உறுத்தல் கவிதை படித்து வந்ததல்ல. வங்கிக் குமாஸ்தாவாக நாள் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் திரையிலிருந்து வந்தது.

சில வருஷங்களுக்கு ஒருமுறை எங்கள் ஸாஃப்ட்வேரின் புதிய பதிப்பு வரும். கூடவே, முன்னிலும் எளிமையானது, முன்னிலும் அதிக வசதிகள் கொண்டது என்று ஒரு சுற்றறிக்கையும் வரும். இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்க முடியும் என்பது சுற்றறிக்கை என்ற இலக்கிய வடிவத்துக்கே உரிய சாமர்த்தியம். நான் வேலையில் சேர்ந்தபோது இருந்த திரை கறுப்பு. எழுத்து மட்டும்தான், ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு குறியீடு. மனப்பாடம் ஆக இரண்டு மாதம் அவஸ்தை. ஆனபின் விரல்கள் தாமாகப் போகும், கண் எதிரே நிற்பவர் முகத்தில் இருக்கலாம். இப்போதைய திரையில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. நேற்றுச் சேர்ந்த பையன் யாரையும் கேட்காமல் ஒரு கணக்கு திறந்துவிடுகிறான். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஆனவனும் அவன் வேகத்தில்தான் போக வேண்டியிருக்கிறது, பட்டனைத் தேடிக்கொண்டு. முதல் நாளின் எளிமையும் ஆயிரமாவது நாளின் எளிமையும் ஒன்றல்ல. ஒன்றைக் கொடுத்துத்தான் பெரும்பாலும் மற்றதை வாங்க முடிகிறது.

கடிதம், கட்டுரை அடிக்க எல்லோரும் வைத்திருக்கும் மைக்ரோஸாஃப்ட் வேர்டின் சரித்திரம் இந்த விஷயத்தில் ஒரு நாவல். முதல் பதிப்பில் சுமார் 100 கட்டளைகள். 2003ஆம் வருஷத்துப் பதிப்பில் 1500க்கு மேல். நடுவில் 2000த்தில் ஒரு யோசனை செய்தார்கள்: அதிகம் பயன்படாதவற்றை மெனு தானாக ஒளித்துக்கொள்ளும். விளைவு, நேற்று இருந்த இடத்தில் இன்று ஒன்றும் இல்லை. சாமானைக் குறைக்காமல் பரணில் ஏற்றி ஏணியையும் எடுத்துவிட்ட கதை. 2007இல் அதைக் கைவிட்டு, மெனுவையே கலைத்து, எல்லாவற்றையும் ஒரு பட்டையில் வகைவகையாகப் பரப்பினார்கள். ஜனங்கள் கேட்ட புதிய வசதிகளில் பலவும் ஏற்கெனவே உள்ளே இருந்தவை என்று அதைச் செய்தவர்களே சொன்னதுதான் இதில் உச்சம்.

அப்படியானால் வெட்டி எறிய வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. முன்னாளில் எக்ஸெல் குழுவில் இருந்த ஜோயல் ஸ்போல்ஸ்கி 2001இல் இதற்கு ஒரு பதில் எழுதினார். நூற்றுக்கு எண்பது பேருக்கு இருபது பங்கு வசதிகளே போதும் என்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொருவருடைய இருபதும் வேறு வேறு. அவர் காட்டிய உதாரணம் எழுதுகிறவனைச் சுடக்கூடியது. மெலிந்த ஒரு வேர்ட் பிராஸஸரைச் செய்து மதிப்புரைக்காக ஒரு பத்திரிகையாளனிடம் தருகிறார்கள். அவன் முதலில் தேடுவது வார்த்தைகளை எண்ணும் வசதியை. அது இல்லை. யாருக்கும் வேண்டாத எண்பதில் சேர்த்து அதை வெட்டிவிட்டார்கள்.

இதற்கு எதிர்க்கோடியில் ஒருவர் இருக்கிறார், டொனால்ட் க்னூத். 1977இல் தன் புத்தகமொன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்து மனம் உடைந்தார். ஈய எழுத்துப் போய் ஒளி அச்சுக்கோப்பு வந்த காலம். எழுத்துகள் பல்லிளித்தன. நாமாக இருந்தால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருப்போம். அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தக வரிசையை நிறுத்திவிட்டு, அச்சுக்கோப்புக்கென்று 'டெக்' என்ற ஸாஃப்ட்வேரைச் செய்ய உட்கார்ந்தார். ஒரு வருஷத்தில் முடியும் என்று நினைத்தது பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. பிறகு 1990இல் அவர் செய்த காரியம் எனக்கு இன்னும் ஆச்சரியம் தருவது. இனி இதில் ஒரு வசதியும் சேர்க்கப்படாது என்று அறிவித்தார். பிழை திருத்தம் மட்டும் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண் கணிதத்தின் 'பை'யை நோக்கி ஓர் இலக்கம் நகரும். 2021இல் அது 3.141592653. தான் இறந்தபின் எண் 'பை' என்றே நிலைத்துவிட வேண்டும், அப்போது மிஞ்சியிருக்கும் பிழைகள் யாவும் வசதிகள் என்று கொள்ளப்படும் என்றும் சொல்லிவிட்டார். முப்பது வருஷத்துக்கு முன் கோத்த பக்கம் இன்றும் அதே இடத்தில் வரி உடைய வேண்டும் என்பது இதன் காரணம். படைப்பாளி தன் படைப்பின்மேல் கைவைக்கும் உரிமையைத் தானே துறப்பது. நம்மில் மறுபதிப்புக்கு மறுபதிப்பு வாக்கியம் மாற்றிக்கொண்டிருப்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

(பிழை கண்டுபிடித்தவர்களுக்கு அவர் 2.56 டாலர் செக் அனுப்பிக்கொண்டிருந்தார். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அது ஒரு டாலர். செக் மோசடிகளுக்குப் பயந்து 2008இல் அதை நிறுத்தி, ஸான் ஸெரிஃப் என்ற, இல்லாத தேசத்தின் இல்லாத வங்கியில் டெபாஸிட் சான்றிதழ் தருகிறார். என் தொழிலில் இருப்பவனுக்கு இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.)

க்னூத்தின் கறார்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முழு மனதோடு கை தட்ட முடியவில்லை. கதவைச் சாத்துவதற்குச் சற்று முன்பு, 1989இல், அவர் ஒரு முக்கியமான மாற்றத்துக்கு இணங்கினார். அதுவரை டெக் ஏற்றது 128 குறிகள். ஐரோப்பியர்கள் தங்கள் மொழிகளின் உயிர்க்குறிகளுக்கும் புள்ளிகளுக்கும் இது போதாது என்று வாதாடினார்கள். 256 ஆக்கினார். அது நியாயம். ஆனால் அந்த 256க்குப் பின் கதவு சாத்தப்பட்டபோது தமிழ் வெளியே நின்றது. 'கொ' என்று அடித்தால் உள்ளே இருப்பது முதலில் ககரம், பின்னால் அதன் குறி. காகிதத்தில் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து பாதி ககரத்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். இந்தச் சங்கதி மூல டெக்குக்குத் தெரியாது. ரோமன் எழுத்தில் அடித்து வேறொரு நிரலால் மாற்றிக்கொண்டு காலம் தள்ளினார்கள். பிறகு ஜோனதன் க்யூ 2004இல் கொண்டுவந்த 'ஸீடெக்' வழியாகத்தான் யூனிகோட் தமிழ் அதில் நேராக நுழைந்தது. க்னூத்துக்கு நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: மூல நிரலை அவர் பூட்டவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். டெக் என்று பெயர் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் தோள் கொடுக்க முடிந்தது. ஆனால் தோள் கொடுத்தவர்கள் அவர்கள். மையம் எளிமையாக இருந்தது, ஓரம் சுமந்தது.

லாரி டெஸ்லர் என்ற ஸாஃப்ட்வேர் வடிவமைப்பாளர், நாம் தினமும் செய்யும் வெட்டி ஒட்டுதலுக்கு வழி செய்தவர்களில் ஒருவர், 2020இல் இறந்தார். எந்த வேலையிலும் ஓரளவுக்குமேல் குறைக்க முடியாத ஒரு சிக்கல் உண்டு, அதை இடம் மாற்றலாமே தவிர இல்லாமல் செய்ய முடியாது என்பது அவர் கருத்து. லட்சம் பேர் ஆளுக்கொரு நிமிஷம் கஷ்டப்படுவதைவிட, செய்பவன் ஒரு வாரம் கூடுதலாகக் கஷ்டப்படலாம் என்பார். எங்களுக்கு இது புதிதல்ல. பற்று எழுதினால் எங்கோ வரவு எழுதியாக வேண்டும். ஆகவே, ஒரு திரையிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்துவிட்டோம் என்று யாராவது சந்தோஷப்பட்டால் நான் கேட்பது ஒன்றுதான், அது இப்போது யார் தலையில் இருக்கிறது?

நாமினி விஷயத்தைப் பாருங்கள். 2025 நவம்பர் 1க்கு முன்னால், டெபாஸிட் கணக்குக்கு ஒரே ஒரு நாமினிதான். ஒரு பெயர், ஒரு உறவு, ஒரு கையெழுத்து. இதைவிட எளிமையான படிவம் சாத்தியமில்லை. அந்த எளிமையின் மறுபக்கத்தை கவுன்ட்டரில் இருப்பவன் பார்த்திருக்கிறான். அப்பாவின் மரணச் சான்றிதழோடு மூத்த மகன் வருவான், படிவத்தில் அவன் பெயர் இருக்கும். மறுவாரம் தங்கை வருவாள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசுரிமை வேறு என்று விளக்குவோம். அதை அவள் அண்ணனிடம் போய் விளக்க வேண்டும். படிவத்தில் இல்லாத மூன்று வரிகள் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தன.

இப்போது சட்டம் மாறி, நான்கு பேர்வரை குறிப்பிடலாம். ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர் என்று வரிசையாகவும் வைக்கலாம், ஒரே நேரத்தில் பங்கு பிரித்தும் வைக்கலாம். பங்கு என்றால் சதவீதம் எழுத வேண்டும், கூட்டினால் 100 வர வேண்டும். சக ஊழியர்கள் சலித்துக்கொண்டார்கள், இன்னொரு பக்கம், இன்னும் எட்டுக் கட்டம் என்று. ஒரு கணக்குக்கு முன்பு ஆன நேரம் இப்போது இரட்டிப்பாகிறது என்பது மெய்தான். எனக்கு இந்தச் சலிப்பில் பங்கில்லை.

அமலுக்கு வந்த சில வாரங்களில் ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். மூன்று பெண்கள். மூன்று பேர் பெயரையும் போட முடியும் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். படிவம் கொடுத்தேன். மூன்று பேருக்கும் சமமாக என்று எழுதியிருந்தார். எங்கள் திரையில் அந்தக் கட்டம் பின்னத்தை ஏற்காது.

"சமமா போட முடியாது ஸார். 33, 33, 34ன்னு போடணும்."

"34 யாருக்கு?"

"அதை நீங்கதான் ஸார் சொல்லணும்."

படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வரிசையில் அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று போய்க்கொண்டிருந்தது. நான் தலைதூக்கிய போதெல்லாம் பேனாவை மூடியும் திறந்தும் கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்து, வீட்டில் கேட்டுக்கொண்டு நாளைக்கு வருவதாகச் சொன்னார். நான்கு நாள் கழித்து வந்தார். 34 நடுப்பெண்ணின் பெயருக்கு எதிரே இருந்தது. மை வேறு, கையெழுத்தும் அவருடையதாக இல்லை. அவர் மனைவி எழுதியிருக்கலாம். அதன் கீழே அவர் ஒப்பம் இருந்தது. அடித்தேன். 100 வந்தது, திரை ஏற்றுக்கொண்டது.