இனிய நீரும் உவர் நீரும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது முன்னோர் வாக்கு. அளவு மீறிய உப்போ, பண்டத்தை மட்டுமன்று, நீரையும் நிலத்தையும் கெடுக்கும். இதனை நாம் ஆழ எண்ணுமாறு செய்தவர், நம்மிடம் தமிழ் பயின்று இன்று கனடாவின் டொராண்டோ மாநகரில் வாழும் மாணவர் ஒருவர்.

குளிர்காலத்தில் அங்கே வீட்டு வாசற்படியும் நடைபாதையும் உறைந்து வழுக்கும். விழுந்து எலும்பு முறியாதிருக்க மக்கள் உப்பைத் தூவுகின்றனர். உப்பு கலந்த நீர் உறைவதற்கு இன்னும் மிகுந்த குளிர் வேண்டுமாதலால், பனிக்கட்டி உருகிவிடுகிறது. "உருகிய பின் அந்த உப்பு எங்கே போகிறது, ஐயா?" என்று அவர் தொலைபேசியில் வினவினார்.

ஓடைக்கும் ஏரிக்கும் நிலத்தடிக்கும் போகிறது என்பதே விடை. உப்பிலுள்ள குளோரைடு மட்கி அழிவதில்லை; நீரோடு நீராய்ச் செல்லும். சாலைகளில் இடும் உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது எனக் கனடா அரசின் ஆய்வு 2001ஆம் ஆண்டில் முடிவு செய்தது. நன்னீர் உயிர்களின் நெடுங்காலப் பாதுகாப்புக்கு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு என்னும் வரையறை அங்கு 2011இல் வகுக்கப்பட்டது.

வீட்டார் கொள்ளத்தக்க நெறிகள் எளியவை. பனி இறுகுமுன் வாரி அகற்றல் வேண்டும். எஞ்சிய பனிக்கட்டியின்மேல் மட்டும் உப்பைச் சிறிதளவு இடைவெளிவிட்டுத் தூவல் வேண்டும். மைனஸ் 10 பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண உப்பு பெரிதும் பயன்படாது. அப்போது மணல் தூவினால் வழுக்கல் குறையும். தரை உலர்ந்தபின் கிடக்கும் உப்பைக் கூட்டியெடுத்து மறுமுறைக்கு வைக்கலாம்.

பனியே காணாத கோரிமேட்டில் இப்பேச்சு எதற்கு என்று கேட்போர் உண்டு. நம் கோரிமேடு செம்மண் மேட்டுநிலம். இங்கு பெய்யும் மழை மண்ணில் இறங்கி நிலத்தடி நீராகிறது. கடலோர நகருக்கு நன்னீர் மேற்கிலிருந்தே வந்தது என்பதற்கு, முத்திரப்பாளையத்து நீரை நினைவூட்டி நிற்கும் ஆயி மண்டபம் சான்று. இன்றும் புதுச்சேரி பெரும்பாலும் நிலத்தடி நீரையே பருகுகிறது. அளவின்றி இறைத்தமையால் கரையோரத்தில் கடல்நீர் உட்புகுகிறது. நம் இளமையில் இனித்த, கடற்கரையை அடுத்த உறவினர் இல்லத்துக் கிணறு பின்னாளில் கரித்துப்போனதை நாமே சுவைத்தறிந்தோம்.

கடல் ஒருபுறம் உவரைச் சேர்க்க, மறுபுறம் நாமும் சேர்க்கிறோம். கடின நீரை மென்மையாக்க அடுக்ககங்களில் பொருத்தும் சாஃப்ட்னர் கருவியை உப்புக் கரைசலால் அடிக்கடி கழுவுகின்றனர். அக்கழிவு வாய்க்காலிலோ மண்ணிலோ சேர்கிறது. நீரின் கடினத்தன்மையை அளந்தறிந்து, தேவையான போது மட்டும் கழுவினால் உப்பு மிஞ்சும். குளியலறைக்கும் துணி துவைக்கவும் மட்டும் மென்னீரைக் கொண்டு, தோட்டத்திற்கும் கழிப்பறைக்கும் சாதாரண நீரை விடலாம். கூரை மழைநீரை நிலத்துள் இறக்குவதும் கடமையே.

இனிய நீரையும் உவர் நீரையும் படைத்த இறைவன், அவற்றினிடையே ஒரு தடுப்பையும் அமைத்தான் என்று திருக்குர்ஆனின் அல்ஃபுர்கான் அத்தியாயம் உணர்த்துகிறது. அவன் பிரித்து வைத்ததை நம் கையால் கலப்பது முறையாமோ? மாணவச் செல்வங்களே! டொராண்டோவில் கேட்ட அதே வினாவை உங்கள் இல்லத்திலும் கேளுங்கள்: நாம் கரைக்கும் உப்பு எங்கே போகிறது? பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கும்போது விடை கூறுங்கள். உப்பு மூட்டையையும் குறையுங்கள்.