நூறு ரூபாய்த் தலை

நான் கஞ்சம். சிக்கனம் என்று மரியாதையாகச் சொல்லியே இருபது வருடம் ஓட்டிவிட்டேன். கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டு வாங்குவது, ஒரே டீத்தூளை இரண்டு தடவை கொதிக்க விடுவது, இதெல்லாம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அதற்கெல்லாம் வாக்குமூலம் தேவையில்லை. இது என் தலைமுடி சம்பந்தப்பட்டது.

சென்னையில் கொஞ்சம் கண்ணாடி போட்ட பார்லருக்குள் நுழைந்தாலே முடி வெட்ட 900 ரூபாய். அதே வேலையை 100 ரூபாய்க்குச் செய்கிற இடம் எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு மாடியில் இருந்தது. அழகுக்கலைப் பயிற்சிப் பள்ளி. வெட்டுகிறவர்கள் மாணவர்கள், மேற்பார்வைக்கு ஒரு மேடம். உட்காருவதற்கு முன்னால், எப்படி வந்தாலும் சண்டை போட மாட்டேன் என்ற மாதிரி ஒரு தாளில் கையெழுத்து. எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று வருடத்தில் இருபது தடவை போனேன். தடவைக்கு 800 மிச்சம், ஆக 16,000. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டி வைத்திருக்கிறேன். ஆபீஸில் "எங்க வெட்டினீங்க?" என்று கேட்டால் கூசாமல் அந்தக் கண்ணாடிக் கடையின் பெயரைச் சொல்வேன்.

"இவ்ளோ கணக்குப் பாக்கறதுக்குப் பழனிக்குப் போயிடேன்" என்பார் என் வீட்டுக்காரர். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 செப்டம்பரிலிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து இந்த ஒரே ஜோக்கைத்தான் அவரும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் ஒரு சிக்கனம்தான்.

சேதாரம் இல்லாமல் இல்லை. முதல் வருடம் ஒரு பையன் ஃப்ளிக்ஸ் வெட்டினான். ஈரமாக இருக்கும்போது முடி நீண்டு தெரியும், காய்ந்தால் மேலே ஏறும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பான், கை மறந்துவிட்டது. புருவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது ட்ரையர் பட்டதும் நடு நெற்றிக்குப் போய் நின்றுகொண்டது. ஒரு மாதம் ஹேர்பின் குத்திச் சமாளித்தேன். அவனைத் திட்டவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம், திட்டினால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்களோ என்ற பயம்.

கடையில் அரைமணியில் முடிகிற வேலை இங்கே இரண்டரை மணி நேரம். தலையை நாலு பாகமாக வகிடு எடுத்து, ஒவ்வொன்றையும் சுருட்டி கிளிப் போட்டு, பின்கழுத்தில் ஒரு இழையை மட்டும் இறக்கி முதலில் வெட்டுவார்கள். அதுதான் கைடு. அதன் அளவுக்குத்தான் மிச்சத் தலை முழுக்கப் போகும். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் "மேடம், செக்" என்று குரல் கொடுக்க வேண்டும். மேடம் வந்து இழையைச் சீப்பில் தூக்கிப் பிடிப்பார். படி தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மறுபடி முதலிலிருந்து. சுவரில் விடால் சாசூனின் படம். 14 வயதில் லண்டனில் தலை அலசிவிடுகிற பையனாக ஆரம்பித்த ஆள், 1954இல் அங்கேயே சொந்தக் கடை போட்டார் என்று புது பேட்ச் வரும்போதெல்லாம் மேடம் சொல்வார். எனக்கே மனப்பாடம்.

கடைசி வருடம் ஒரு பெண் வந்தாள். வந்தவாசிப் பக்கம், பத்தொன்பது வயதிருக்கும். கத்தரி பிடிக்கிற விரலில் கொப்புளம் வந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். மூன்று தடவை என் தலையை அவள்தான் பார்த்தாள். முதல் தடவை கை நடுங்கியது கழுத்தில் தெரிந்தது. மூன்றாம் தடவை மேடம் இழையைத் தூக்கிப் பார்த்து "ம்" என்று மட்டும் சொன்னார். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அலமாரியில் டம்மித் தலைகள் வரிசையாக இருக்கும். ஆளுக்கு ஒன்று, காசு கொடுத்து வாங்கியது. முதலில் முதுகுவரை முடி இருக்கும். அதில் லேயர் பழகி, அப்புறம் தோள்வரை, அப்புறம் பாப், கடைசியில் பாய் கட். அதற்குமேல் குப்பைதான். அவளுடைய டம்மி அப்போதே காதுக்கு மேலே வந்திருந்தது. "அதுக்குத் திரும்ப வளராதேக்கா. உங்களுக்குன்னா வளருது, தைரியமா வெட்டலாம்" என்றாள்.

பரீட்சைக்கு மாடலை அவரவரே கூட்டி வர வேண்டும். அவளுக்கு வந்தது லாங் லேயர். தோளுக்குக் கீழே நல்ல நீளம் வேண்டும். அவளுக்குச் சென்னையில் ஆள் கிடையாது. ஹாஸ்டல் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விடுவார்கள். "அக்கா, நீங்க வருவீங்களா? காசு வேணாம்" என்றாள். காசு வேண்டாம் என்றதும் அவள் முடிப்பதற்குள் சரி என்றேன்.

அந்த வாரம் புதன்கிழமை தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வேறொரு பயிற்சி மையம், நாளைக்கே மாடல் வேண்டும், பாப் கட், கூடவே முழுத்தலைக்கும் கலர், எல்லாம் இலவசம். வெளியே கலர் மட்டும் 4,000 ஆகும். ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போய் உட்கார்ந்தேன். பின்னலை ரப்பர் பேண்டு போட்டு ஒரே பிடியாக வெட்டி என் மடியில் வைத்தார்கள். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது என்று சொன்னால் அதுவும் பொய். படியேறும்போதே ஞாபகம் இருந்தது.

முடி மாதத்துக்கு அரை இஞ்ச் வளரும். எனக்கு இருந்தது மூன்று நாள்.

அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வெள்ளி, சனி இரண்டு நாளில் வேறு தலை தேடியிருப்பாள். மேடமிடமாவது கேட்டிருப்பாள். சொன்னால் அவள் குரல் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்காமலிருக்கத்தான் சொல்லவில்லை. இலவசத்துக்குப் போனதைக்கூட நான் என்னை மன்னித்துக்கொள்வேன், எனக்கு அது பழக்கம். இந்த இரண்டு நாளைத்தான் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு போனை சைலண்ட்டில் போட்டுச் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். பதினோரு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது ஆறு மிஸ்டு கால். "அக்கா கீழ கேட்ல நிக்கறேன்" என்று 9.10க்கு ஒரு மெசேஜ். அப்புறம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் "காய்ச்சல்மா, எழுந்திரிக்கவே முடியல" என்று போட்டேன். உடனே பதில் வந்தது: "பரவால்லக்கா, உடம்ப பாத்துக்கோங்க."

பரீட்சை என்னாயிற்று என்று கேட்கவில்லை. அந்த மாடிக்கு அப்புறம் போகவும் இல்லை. பாப் வெட்டின தலையோடு எப்படிப் போவது?

அவள் பெயர் எனக்குத் தெரியும், ஏப்ரனில் பேட்ஜ் குத்தியிருப்பாள். என் போனில் அந்தப் பெயர் இல்லை. அந்தக் கடைசி மெசேஜ் வந்தபோது மேலே காட்டியது, நான் முதல் நாள் பதிந்து வைத்தபடி, "ஹேர்கட் 100".