டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்

டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ஒருவர் பாடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதிலுள்ள கஷ்டம் தெரியும். அண்டரோத் குழுவின் ஏரன் கில்லெஸ்பிக்கு இரண்டு கையும் தலைக்கு மேலே போய்த்தான் இறங்கும். கால் தன் கணக்கில் உதைத்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் நீட்டியிருக்கும் மைக்குக்குக் கழுத்தை மட்டும் திருப்பி, இரைப்பே தெரியாமல் மேல் ஸ்தாயியில் பாடுவார். மேடை விளிம்பில் ஸ்பென்சர் சேம்பர்லின் அடித்தொண்டையிலிருந்து அலறுவார். மெட்டல்கோர், போஸ்ட் ஹார்ட்கோர் என்று எந்தப் பெயர் வைத்தாலும் எனக்கு அந்தக் குழு என்பது இந்த இரண்டு குரல்தான்.

ஃபுளோரிடாவில் டாம்பாவுக்கு வேலைக்குப் போன புதிதில், கூட வேலை பார்த்த பையனின் காரில்தான் வருவேன். கோடையில் சாயங்காலமானால் இடியோடு மழை கொட்டும். காருக்குள் அண்டரோத்தின் 'டிஃபைன் த கிரேட் லைன்' ஓடும். 2006 ஜூனில் வந்த அந்த ஆல்பம் முதல் வாரத்திலேயே ஏறக்குறைய 98,000 பிரதிகள் விற்று, பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாம் இடத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கோ தலைவலிதான் மிச்சம். "இவங்க கிறிஸ்தவ பேண்ட்" என்று அவன் சொன்னபோது கேலி செய்கிறான் என்றே நினைத்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பையன், நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறான்.

அலறல் அந்த ஊருக்குப் புதிதில்லை. டெத், மார்பிட் ஏஞ்சல் போன்ற குழுக்களின் டெத் மெட்டல் ஆல்பங்கள் பதிவான மோரிசவுண்ட் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. சாவையும் சாத்தானையும் பாடிய தொண்டை வித்தையை எடுத்துக்கொண்டு ஆண்டவரைக் கூப்பிட இந்தப் பையன்கள் வந்தார்கள். 1997-இல் ஒகாலாவில் குழுவைத் தொடங்கிய டல்லஸ் டெய்லர் 2003-இல் விலகிவிட, ஸ்பென்சர் வந்தார். மறு வருடம் வந்த 'தே ஆர் ஒன்லி சேஸிங் சேஃப்டி'யில் ஏரனின் குரலுக்கு நிறைய இடம். இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்பது என் கட்சி. நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கச்சேரியில் எனக்குப் பிடித்தது பிரேக்டவுன் வரும் நேரம். சுருதி இறக்கிய கிட்டார்கள் ஒரே இடத்தில் நின்று அறைய, தாளம் பாதியாகத் தளர, கூட்டத்தின் நடுவில் ஒரு வட்டம் திறக்கும். அதற்குள் முட்டிமோதுவார்கள். யாராவது விழுந்தால் மட்டும் அத்தனை பேரும் நின்று, அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, உடனே மறுபடி இடிக்க ஆரம்பிப்பார்கள். கண்ணாடியைத் தொலைத்த ஒருவனுக்காக ஐந்தாறு பேர் தரையைத் துழாவியதும் ஞாபகம் இருக்கிறது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

2010-இல் ஏரனும் போய்விட்டார். நார்மா ஜீன் குழுவில் முன்பு இருந்த டேனியல் டேவிசன் டிரம்ஸுக்கு வந்தார், அலறல், பாட்டு இரண்டையும் ஸ்பென்சரே பார்த்தார். ஏரன் இல்லாமல் வந்த ஆல்பம் மோசமில்லை. உண்மையில் இறுக்கமான, இருட்டான நல்ல ஆல்பம். ஆனாலும் அலறல் முடிகிற இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் எழும் என்று காது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும். 2013 ஜனவரியில், டாம்பாவிலிருந்து வளைகுடாப் பாலத்தைத் தாண்டினால் வரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், கடைசிக் கச்சேரி என்று சொல்லி விடைபெற்றார்கள். ராக் குழுக்களின் 'கடைசி' எத்தனை நாளைக்கு? 2015-இல் திரும்பி வந்தார்கள், ஏரனோடு.

2018-இல் 'இரேஸ் மீ' வந்தபோதுதான் வேடிக்கை. இனிமேல் நாங்கள் கிறிஸ்தவக் குழு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 'ஆன் மை டீத்' பாட்டில் ஒரு கெட்ட வார்த்தை. அது கிராமிக்குப் பரிந்துரையானது வேறு விஷயம். வருஷக்கணக்காக அந்தக் காட்டுக் கத்தலைச் சகித்த பழைய ரசிகர்களுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சகிக்க முடியவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்ட என் நண்பனும் நீளமாகப் புலம்பி மெசேஜ் அனுப்பினான். ஏமாற்றிவிட்டார்கள், விசுவாசத்தை விற்றுவிட்டார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டு, அதே மூச்சில், ஏரன் முன்னைவிட நன்றாகப் பாடுகிறார், டிக்கெட் எடுத்துவிட்டேன், நீ வருகிறாயா என்று கேட்டிருந்தான்.