கடைசியாக நல்லா இருந்த நேரம்

ஸ்ட்ரெச்சரோடு கரிசல் மண்ணும் உள்ளே வந்தது. படுத்திருந்தவரின் இரண்டு பாதங்களிலும் கணுக்கால்வரை அப்பியிருந்தது. இடது கால் விரல்கள் மடங்கி விரிந்துகொண்டிருந்தன. வலது கால் போட்டது போட்டபடி கிடந்தது. வெளியே தொங்கிய வலது கையை மனைவி எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்தார். அது சரிந்தது. மறுபடி எடுத்து வைத்தார். மறுபடி சரிந்தது.

கோவில்பட்டியில் ஸ்கேன் வசதியுள்ள ஓர் ஆஸ்பத்திரியின் வராந்தா. ஐப்பசி மாதத்து நண்பகல். ஸ்கேன் அறைக்கு எதிர்ப் பெஞ்சில் ஏற்கெனவே ஒரு தம்பதி. கணவருக்கும் வலது கைதான், மடியில் மடங்கிக் கிடந்தது. போன வருஷத்துக் கதை. “ராத்திரியே கை மரத்துச்சு. விடியட்டும் பாப்போம்னு படுத்துட்டாக” என்று அந்த அம்மா யாரும் கேட்காமலே சொன்னார்.

நர்ஸ் முதலில் விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை தாழ்ந்தாலும் இதே மாதிரி கை விழும், பேச்சு குழறும். 142. அது இல்லை.

“வாய்க்கு ஏதும் குடுத்தீங்களா?”

“சோடா ஒடைக்கப் போனாக. நான்தான் புரையேறிரும், வேண்டாம்னுட்டேன்” என்றார் கூட வந்த பக்கத்துக் காட்டுக்காரர்.

டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். மனைவியின் தோளைத் தொட்டுக் கேட்டார்: “கடைசியா எப்பம்மா நல்லா இருந்தாரு?”

“காலையில கஞ்சி குடிச்சிட்டு நடந்துதான தாயி காட்டுக்குப் போனாக.”

“மணி?”

“மினி பஸ் போயிக் கொஞ்ச நேரங் கழிச்சு.”

அண்ணன் மகன் குறுக்கே வந்தான். “பதினொன்றரை மேடம். வரப்புல கெடந்தாக.”

“கெடந்ததப் பாத்த நேரம் வேண்டாம் தம்பி. நல்லா இருந்த நேரம் வேணும்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உளுந்துக் காட்டில் களையெடுக்கப் போன மனுஷனை யார் மணி பார்த்து வைப்பார்கள்?

டாக்டர் விடவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக ஒரு கணக்கு உண்டு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டென்று 1995இல் தெரிந்தது. நாலரை மணி நேரம்வரை போடலாம் என்று 2008இல் தெரிந்தது. தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியதும் அதே வருஷம்தான். அந்த நாலரை மணி நேரத்தை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எண்ணுவதில்லை. ஆள் கடைசியாக நல்லா இருந்த நிமிஷத்திலிருந்து எண்ணுகிறார்கள்.

மனைவிக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. “மககிட்டப் பேசுனாகளே! திருப்பூருக்கு.”

மடியிலிருந்து பட்டன் போனை உருவினார். அண்ணன் மகன் அமுக்கிப் பார்த்தான். 10.12. அதே எண்ணுக்குப் போட்டான்.

“அக்கா, சித்தப்பா காலையில தெளிவாப் பேசுனாகளா?”

“தெளிவாத்தான் பேசுனாக, மொளகாக்கு மருந்தடிக்கணும்னு. ஏன்டா, அய்யாவுக்கு என்னாச்சு?”

அதற்கு அவனிடம் பதில் இல்லை. டாக்டர் 10.12 என்று எழுதி, பக்கத்தில் 2.42 என்று எழுதி, இரண்டாவதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சுவர்க் கடிகாரத்தில் 12.50.

ஸ்கேன் சில நிமிஷ வேலைதான். கதவு திறந்ததும் அண்ணன் மகன் ஓடிவந்தான். “ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாம் சித்தி!”

“கழுகுமலையானே” என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். ஒண்ணுமில்லை என்றால் கூட்டிக்கொண்டு போகலாமா என்றுகூடக் கேட்டுவிட்டார். பெஞ்சிலிருந்து, புறா ரத்தம் தேய்த்தால் கை ஓடிவரும் என்று ஒரு குரல்.

டாக்டர் அவரை உட்கார வைத்தார். “ஒண்ணுமில்லன்னா ரத்தம் கசியலன்னு அர்த்தம்மா. கசிஞ்சிருந்தா படத்துல வெள்ளையாத் தெரியும். இது அடைப்பு. இந்த நேரத்துல படத்துல தெரியாது. நாளைக்கு எடுத்தாக் கருப்பாத் தெரியும். தெரியறதுக்குள்ள ஊசி போடணும்.”

கசிவா அடைப்பா என்று வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டிலும் கை விழும், வாய் கோணும். கசிவுள்ளவருக்குக் கரைக்கும் ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் மண்டைக்குள்ளிருப்பதைப் படமாகக் காட்டிய பிறகுதான் இரண்டையும் உடனே பிரித்துப் பார்க்க வழி பிறந்தது.

ஊசி போடப்போவது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில். டாக்டர் செல்போனில் ஸ்கேன் படத்தை அங்கே அனுப்பினார். அங்கே போய் மறுபடி வரிசையில் நிற்கக் கூடாது. “எடை எவ்வளவுன்னு கேக்காங்க.” மருந்து எடைக் கணக்கு: ஆல்டெப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம்.

“பங்குனியில வத்தல் போடப் போன கமிஷன் கடையில ஏறி நின்னாக. அம்பத்தெட்டுன்னாக.”

வத்தல் தராசு சொன்ன எடையும் சீட்டில் ஏறியது. நாலுவழிச் சாலையில் ஒரு மணி நேரப் பயணம். 1.10க்கு வண்டி கிளம்பியது. மனைவியும் அண்ணன் மகனும் ஏறிக்கொண்டார்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர் மட்டும் நின்றார், அவருடைய பைக் வெளியே நின்றது. பெஞ்சிலிருந்த அம்மா கேட்டார்: “வண்டி காட்டுக்குள்ளயே வந்துச்சா தம்பி?”

“எங்கக்கா? ஈரக் கரிசல்ல சக்கரம் உருளுமா? கயித்துக் கட்டில்ல வச்சு நாலு பேரு தார் ரோடு வரைக்கும் தூக்கியாந்தோம்.”

“உடனே கொண்டாரணும்னு எப்படித் தெரிஞ்சுது?”

“மக்களைத் தேடி மருத்துவம்னு பிரஷர் மாத்திரை குடுக்க ஒரு பிள்ள வரும்லக்கா? வாய் கோணுனா, கை விழுந்தா, பேச்சு குழறுனா ஒடனே 108ன்னு அதுதான் படிச்சுப் படிச்சுச் சொல்லும். இவருக்கும் மாத்திரை குடுத்துச்சு. வலியே இல்ல, எதுக்கு மாத்திரைன்னு ரெண்டு மாசமாப் போடல. அட்டை அட்டையா வீட்டுல கெடக்கு.”

“ஒமக்கு?”

“எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன். பாத்ததே இல்ல.”

கடந்துபோன நர்ஸ் நின்றார். “உக்காருங்கண்ணே.” கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அவர் வாசலிலிருந்த பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

170/100.

“பைக்கை நெழல்ல விட்டுட்டு வாங்க” என்றார் நர்ஸ். “சீட்டுப் போடணும்.”