பத்திரிகை அடித்த கல்யாணம்

2003-இல் தஞ்சை மாவட்டத்துச் சார்பு நீதிமன்றம் ஒன்றில் நான் நடத்திய பாகப்பிரிவினை வழக்கு அது. என் கட்சிக்காரர் ஐம்பதை நெருங்கிய பள்ளி ஆசிரியை, திருமணம் செய்துகொள்ளாதவர். தாயில்லாத வீட்டில் இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தது அவர் சம்பளம்தான். அப்பா காலமானதும் நான்கு ஏக்கர் பூர்விக நஞ்சையைத் தம்பிகள் இருவருமே எடுத்துக்கொண்டார்கள். "அக்காவுக்குக் குடும்பமா, குட்டியா? ஒரு வயிற்றுக்கு எதற்கு நிலம்?" என்றது ஊர்.

ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருத்தச் சட்டம் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்குரிமை தந்திருந்தது. 25.3.1989-க்கு முன் மணமான மகள்களுக்கு மட்டும் அது இல்லை. எனவே, அக்காவுக்கு 1985-லேயே கல்யாணமாகிவிட்டது என்று எதிர்வழக்குரை போட்டார்கள் தம்பிகள். 'முதிர்கன்னி' என்று காலமெல்லாம் அவரைக் குத்திக்காட்டிய அதே வீடு! சான்றாவணமாக வந்தது, மூலைகளில் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை.

குறுக்கு விசாரணையில் அவர் தயங்கவில்லை. "பத்திரிகை அடித்தது உண்மை. மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாகப் பத்து பவுன் கேட்டார்கள். அப்பா இந்த நிலத்தை அடமானம் வைக்கக் கிளம்பினார். நான்தான் கல்யாணத்தை நிறுத்தினேன். தாலி ஏறவில்லை."

"அதற்கப்புறமும் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை? உங்களிடம் ஏதாவது குறையா?" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

நான் எழுந்து, அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 152-ஆம் பிரிவைச் சொல்லி ஆட்சேபித்தேன். சாட்சியை இழிவுபடுத்தும் கேள்வியை நீதிமன்றம் தடுத்தாக வேண்டும். நீதிபதி தடுத்தார். திருமணம் ஆனதா என்பதுதான் வழக்கு; ஏன் ஆகவில்லை என்பதைக் கேட்க யாருக்கும் அங்கே உரிமை இல்லை.

பத்திரிகை திருமணத்துக்குச் சாட்சியாகாது என்று தீர்ப்பானது. தம்பிகளுக்குச் சமமாக, பதினாறில் ஐந்து பங்கு, ஒன்றேகால் ஏக்கர், அவருக்குக் கிடைத்தது. 1989-க்கு முன்பே மணமாகிப் போன தங்கை ஒருவரும் அவருக்கு இருந்தார்; அந்தத் தங்கைக்கு அப்பாவின் பங்கிலிருந்து வந்தது வெறும் 25 சென்ட். அந்தப் பேதத்தை 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் ஒழித்தது.

திருமணம் செய்துகொள்ளாமல் தனித்து வாழும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. உயில் எழுதாமல் நீங்கள் மறைந்தால், பெற்றோரும் இல்லாத நிலையில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத்தான் போகும். உங்கள் உழைப்பு யாருக்குச் சேர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட, இப்போதே உயில் எழுதி வையுங்கள்.